மரக்காணம் உப்பளத்துக்கு ஒரு நாள் பயணம்: தண்ணீர் கேனிலிருந்து ஆரம்பிக்கும் திட்டம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டு, பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறோம்.)

போன மாசம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "யூடியூப்ல கரீபியன் தீவு வீடியோ பார்த்துப் பார்த்து ஏக்கமா இருக்கு. கடையில்லாத, கூட்டமில்லாத, ரிசார்ட் இல்லாத இடம் ஒண்ணு சென்னையிலேர்ந்து ஒரே நாள்ல போய்ட்டு வர தூரத்துல இருக்கா?"

இருக்கு. மரக்காணம். விழுப்புரம் மாவட்டம், இ.சி.ஆர்.ல சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். புதுச்சேரிக்குப் போகும்போது ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா குவியல் வருமே, ஜன்னல் வழியா ஒரு போட்டோ எடுத்துட்டு மறந்துடுவோமே, அந்த ஊர்தான்.

தார் ரோடு பக்கத்துலயே இருக்கு. ஆனா திட்டம் போடும்போது அதை ஒரு தீவுன்னே நினைச்சுக்கணும். ரோட்டை விட்டு வரப்புல ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்தா மரம் கிடையாது, கடை கிடையாது, குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது. நீங்க கொண்டுபோனதுதான் உங்களுக்கு. இது எனக்கு முதல் தடவை தெரியாம போச்சு. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் சொதப்பின கதை

ரெண்டு வருஷம் முன்னாடி, மே மாசம். நான், என் அக்கா, காலேஜ் நண்பன் ஒருத்தன். காலையில நிதானமா டிபன் சாப்பிட்டு எட்டு மணிக்குக் கார் எடுத்தோம். வழியில ரெண்டு இடத்துல டீ. மரக்காணம் போய்ச் சேரும்போது பதினொன்றரை. மூணு பேருக்கு ரெண்டு ஒரு லிட்டர் பாட்டில், அதுல ஒண்ணு கார்லயே காலி.

உப்பளத்துல யாருமே வேலை செய்யலை. "என்னடா, ஞாயிற்றுக்கிழமை லீவா?"ன்னு பேசிக்கிட்டே உள்ளே நடந்தோம். அரை மணி நேரம் இருக்கும். நண்பனுக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் தலைசுத்தல், வாந்தி. தூரத்துல ஓலை வேய்ஞ்ச ஒரு கொட்டகை தெரிஞ்சுது. அவனைத் தாங்கிப் பிடிச்சு அங்க கொண்டுபோனோம். உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அதுல மூத்த அம்மா ஒருத்தங்க எதுவும் கேக்கலை. அவனைப் படுக்க வெச்சு, முகத்துல தண்ணி தெளிச்சு, தூக்குவாளியிலேர்ந்து உப்பு போட்ட நீராகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் கொடுத்தாங்க. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கேன்லேர்ந்து தண்ணி. நாங்களும் குடிச்சோம்.

அவன் தெளிஞ்சு உட்கார்ந்ததுக்கு அப்புறம், "இங்க தண்ணி எங்கம்மா பிடிக்கிறது? கேனை ரொப்பிக் கொடுத்துடுறேன்"னு கேட்டேன்.

"இங்க ஏது தம்பி தண்ணி? விடியக்காலைல வீட்லேர்ந்து எடுத்தாந்ததுதான்."

கேனைத் தூக்கிப் பார்த்தேன். அடியில ஒரு டம்ளர் இருந்தா அதிகம். நாலு பேருக்கு வேலை முடியிற வரைக்கும் வெச்சிருந்த தண்ணியை, போட்டோ எடுக்க வந்த மூணு பேர் குடிச்சு முடிச்சிருக்கோம். அக்கா தயங்கித் தயங்கிக் கழிப்பறை எங்கன்னு கேட்டா. "எங்களுக்கே இல்லியேம்மா"ன்னு பதில் வந்துச்சு.

ஊருக்குள்ள போய் ரெண்டு 20 லிட்டர் கேன் வாங்கிட்டுத் திரும்ப வந்தோம். அந்த அம்மா ஒண்ணைத்தான் வாங்கிக்கிட்டாங்க. "இன்னொண்ணு வண்டியிலயே இருக்கட்டும். நீங்க ஊரு போய்ச் சேரணும்ல"ன்னாங்க. கிளம்பும்போது சொன்னாங்க: "உப்பு பாக்கணும்னா இருட்டோட வரணும் தம்பி. வெய்யில் ஏறிட்டா எங்களுக்கே கண்ணு கூசும்."

இன்னிக்குச் சொல்லப்போற திட்டம் முழுக்க இந்த ஒரு வரியிலேர்ந்து வந்ததுதான். நமக்குத் தோதான நேரத்துக்குப் போகக்கூடாது. உப்பளத்தோட நேரத்துக்குப் போகணும். அப்புறம், அங்க இருக்கிறவங்களோட தண்ணியையும் நிழலையும் நம்பிப் போகக்கூடாது.

எந்த மாதம்?

உப்பு மழைக்குப் பயந்த பயிர். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில உற்பத்தி நின்னுடும். இந்த மூணு மாசமும் தொழிலாளிகளுக்கு வருமானம் இருக்காது. அதுக்காகத்தான் தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிற திட்டம் வெச்சிருக்கு. போதாக்குறைக்கு இது புயல் கரை. 2020 நிவர், 2024 ஃபெங்கல் ரெண்டுமே இந்தப் பக்கத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது.

மழை ஓய்ஞ்சதும் தேங்கின தண்ணியை வடிச்சு, வரப்பைக் கட்டி, பாத்தியோட களிமண் தரையைக் காலாலேயே மிதிச்சு மிதிச்சு இறுக்குவாங்க. அதுக்கு அப்புறம்தான் உப்பு. அதனால ஜனவரியில போனா மண் வேலையைப் பார்ப்பீங்க, கூடவே பறவைகளும் இருக்கும். பிப்ரவரி கடைசியிலேர்ந்து ஏப்ரல் பாதி வரை உப்பும் இருக்கும், வெயிலும் ஓரளவு தாங்கும். மே, ஜூன்ல உப்பு உச்சத்துல இருக்கும். ஆனா முதல் தடவை போறவங்களுக்கு அது வேண்டாம். என் சிபாரிசு மார்ச்.

போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வானிலை ஆய்வு மையத்தோட அறிவிப்பைப் பாருங்க. கோடை மழை ஒரு மணி நேரம் அடிச்சாலே பாத்தியில இருக்கிற உப்பு கரைஞ்சு, பல நாள் வேலை போயிடும். அந்த மாதிரி நாளுக்கு மறுநாள் கேமராவோட போய் நிக்காதீங்க.

நீங்க பார்க்கப்போறது என்ன?

உப்பு எப்படி விளையுதுன்னு தெரிஞ்சா பார்க்கிறதுக்கே வேற மாதிரி இருக்கும், எங்க கால் வைக்கக்கூடாதுன்னும் புரியும். சுருக்கமா சொல்றேன்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் மேல் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு. மீதி மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் சம்பந்தப்பட்டவை. வெறுமனே ஒரு தட்டில் காயவைத்தால் எல்லாம் கலந்து கசப்பாக வரும். எந்த உப்பு எப்போ படியும்ங்கிற வரிசையைப் பிடிச்சுப் பிரிக்கிறதுதான் உப்பளத்தோட வேலையே.

முதல் கட்டத்தில் பெரிய, ஆழம் குறைந்த பாத்திகளில் உவர்நீரைத் தேக்குவார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரை வற்றவைக்கும். தண்ணீரின் அடர்த்தியை அளக்க மிதக்கும் கண்ணாடிக் கருவி ஒன்று உண்டு. அது காட்டும் அளவுக்குப் போமே டிகிரி என்று பெயர். கடல்நீர் ஏறக்குறைய மூன்றரை டிகிரி. தண்ணீர் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் அடியில் படியும். அதைவிட்டு மேல்தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்புவார்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போது உப்புக் கல் கட்ட ஆரம்பிக்கும். 29, 30 டிகிரி வந்ததும் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் மெக்னீசியக் கசப்பு உப்போடு சேர்ந்துவிடும்.

அப்போ ரோட்டுலேர்ந்து ஒரே வெள்ளையா தெரியிறது உண்மையில பல கட்டமா ஓடுற ஒரு பைப்லைன். எங்க ஆபீஸ்ல டேட்டா பைப்லைன் போடுற மாதிரியேதான். ஒரு கட்டத்தோட வெளியீடு அடுத்த கட்டத்தோட உள்ளீடு. நடுவுல அழுக்கு சேர்ந்தா கடைசி வரைக்கும் போகும். அதனாலதான் கடைசிப் பாத்தியில யாரோட செருப்பும் படக்கூடாது. காலாலேயே மிதிச்சு இறுக்கின அந்தத் தரை ஒரு இடத்துல குழைஞ்சாலும் வாருற உப்புல சேறு ஏறிடும், விலை இறங்கிடும்.

சில பாத்திகளில் தண்ணி இளஞ்சிவப்பா தெரியலாம். யாரும் சாயம் கலக்கலை. ரொம்ப உப்பான நீர்ல மட்டும் வாழுற நுண்ணுயிர்களும் பாசிகளும் உண்டு, அதுங்களோட நிறம் அது.

நேர அட்டவணை

கார்ல போறவங்களுக்கு: திருவான்மியூரிலிருந்து அதிகாலை மூணே முக்காலுக்குக் கிளம்பினா ஆறு மணிக்கு மரக்காணம். இதுல ஒரு நிபந்தனை: வண்டி ஓட்டுறவர் முந்தின ராத்திரி ஒழுங்கா தூங்கியிருக்கணும். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ரிலீஸ் பார்த்துட்டு மூணு மணிக்கு இ.சி.ஆர்.ல ஓட்டாதீங்க. அப்படின்னா முந்தின நாளே திண்டிவனத்துலயோ புதுச்சேரியிலயோ தங்கிடுங்க.

பஸ்ல போறவங்களுக்கும் இதே வழிதான். சென்னையிலேர்ந்து இ.சி.ஆர். வழியா போற புதுச்சேரி பஸ் மரக்காணத்தைத் தாண்டித்தான் போகும். ஆனா எல்லா பஸ்ஸும் நிக்காது, ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ரயில்னா பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம், அங்கிருந்து கிழக்கே பஸ் உண்டு. சென்னையிலேர்ந்து காலையில கிளம்புற பஸ்ஸை நம்பினா விடியறதுக்குள்ள போய்ச் சேர முடியாது.

ஆறிலிருந்து எட்டரை வரை உப்பளம். எட்டரைக்கு வெளியே வந்துடணும், இதுல சமரசம் கிடையாது. ஊருக்குள்ள டிபன். ஒன்பதரைக்குப் பூமீஸ்வரர் கோயில். பதினொண்ணுலேர்ந்து மூணரை வரை வெட்டவெளியில எந்த வேலையும் வெச்சுக்காதீங்க. 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற புதுச்சேரியில சாப்பிட்டு, நிழல்ல உட்காருங்க. நான் முதல் தடவை போட்ட திட்டத்துல சரியா இந்த நேரத்துலதான் உப்பளம் இருந்துச்சு. நாலு, நாலரைக்கு ஆலம்பரைக் கோட்டை. இருட்டுறதுக்குள்ள கிளம்பினா எட்டு, எட்டரைக்குச் சென்னை.

பையில என்ன?

தண்ணி: ஒரு ஆளுக்கு அஞ்சு லிட்டர். உப்பளத்துக்குள்ள நடக்கும்போது கையில ரெண்டு லிட்டர், மீதி வண்டியில. இதுக்கு மேல ஒரு 20 லிட்டர் கேன். அது உங்களுக்கு இல்லை, கொட்டகைக்கு.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு. கிடைக்கலைன்னா வீட்டுலயே கலக்கலாம்: கொதிச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணியில தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நண்பனுக்கு அன்னிக்கு உடம்புல குறைஞ்சது தண்ணி மட்டும் இல்ல, உப்பும்தான். சுத்தி டன் கணக்குல உப்பு கிடந்துச்சு, அவனைத் தேத்தினது அந்த அம்மாவோட தூக்குவாளி. ஒரு எச்சரிக்கை: ஒருத்தருக்குப் பேச்சுக் குழறினாலோ, நினைவு தப்பினாலோ, உடம்பு நெருப்பா கொதிச்சாலோ அது வெப்ப பக்கவாதம். வாயில எதையும் ஊத்தாதீங்க. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைச்சு, 108க்குக் கூப்பிடுங்க.

கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்லை. உப்புத் தரை வெயிலைக் கீழேயிருந்தும் கண்ணுல அடிக்கும். அகலமான தொப்பி, முழுக்கை பருத்திச் சட்டை, பழைய ரப்பர் செருப்பு. கால்ல வெட்டுக்காயம் இருந்தா பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டுப் போங்க, உவர்நீர் பட்டா உயிர் போயிடும். ஆஃப்லைன் மேப், சில்லறை நோட்டு, குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை. கழிப்பறை வேலையை ஊருக்குள்ளயோ பெட்ரோல் பங்குலயோ முடிச்சுட்டுத்தான் உள்ளே இறங்கணும். பெண்கள் இருக்கிற குழுவுல இதைத் திட்டத்துல எழுதியே வைங்க.

உப்பளத்துக்குள்ள

இது சுற்றுலாத் தலம் இல்லை, குத்தகைக்கு எடுத்து வேலை நடக்கிற இடம். ரோட்டோரமா யாராவது மேற்பார்வை பார்த்துக்கிட்டு இருப்பாங்க. "அண்ணே, கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்துட்டு வரலாமா?"ன்னு கேளுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க, ரோட்டுலேர்ந்தே நிறைய தெரியும்.

அகலமான வரப்புல மட்டும் நடங்க. எதிர்ல தலைச்சுமையோட யாராவது வந்தா நாமதான் ஒதுங்கி நிக்கணும். அவங்க ஒரு தடவை நின்னாங்கன்னா ஈரக் கூடையோட மொத்த கனமும் கழுத்துல இறங்கும். போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. சேலை மேல ஆம்பளைச் சட்டை போட்டுக்கிட்டு, சேறும் உப்புமா நிக்கிற நேரத்துல படம் எடுக்கிறது எல்லாருக்கும் பிடிக்காது.

கரீபியன் கேட்டீங்கள்ல, அங்கேயும் போனேர்னு ஒரு தீவு இருக்கு. தெற்கு முனை முழுக்க உப்பளம், இளஞ்சிவப்புத் தண்ணி, பூநாரைக் கூட்டம். அதுக்குப் பக்கத்துல, உப்பளத்துல வேலை செஞ்ச அடிமைகள் தங்குறதுக்காக 1850ல கட்டின குட்டிக் குட்டிக் கல் குடிசைகளை நினைவுச் சின்னமா வெச்சிருக்காங்க. ஆள் உள்ளே நிமிர்ந்து நிக்க முடியாது. சுற்றுலாப் பயணிகள் அங்க நின்னு கொஞ்ச நேரம் அமைதியாகிடுறாங்க. இங்க ஓலைக் கொட்டகை நினைவுச் சின்னம் இல்லை, வேலை இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. கூலிக்கு வேலை செய்றவங்க, அடிமைகள் இல்லை. ஆனாலும் அதே வெயில், அதே கண் கூச்சம். அந்த அமைதி இங்கேயும் நம்மகிட்ட இருக்கலாம்.

எட்டரைக்கு அப்புறம்

பூமீஸ்வரர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் இருக்கு. வெயில்லேர்ந்து உள்ளே வரும்போது கல் தரையோட குளிர்ச்சியே ஒரு தரிசனம். நடை சாத்துறதுக்குள்ள போயிடுங்க.

இந்த ஊர் இன்னும் பழசு. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இதுதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஆற்றுப்படைன்னாலே பயண வழிகாட்டிதானே? பரிசு வாங்கின பாணன் எதிர்ல வர்ற இன்னொரு பாணனுக்கு எந்த ஊர் வழியா போகணும், எங்க என்ன சாப்பாடு கிடைக்கும்னு சொல்றான். எயிற்பட்டினத்துல பரதவர் வீட்டுல சுட்ட உலர்ந்த குழல்மீன் கிடைக்குமாம். நத்தத்தனார் எழுதின பயணக் குறிப்பு அது. நான் இன்னிக்குச் சொல்றது அதோட லேட்டஸ்ட் வெர்ஷன்னு வெச்சுக்கோங்க.

ஊரை ஒட்டிக் கால்வாய் ஒண்ணு பார்ப்பீங்க. அதுதான் பக்கிங்காம் கால்வாய். ஆந்திராவோட பெத்தகஞ்சத்துல ஆரம்பிச்சு, ஏறக்குறைய 420 கிலோமீட்டர் வந்து மரக்காணத்துல முடியுது. 1806ல சென்னைக்கு வடக்கே வெட்ட ஆரம்பிச்சாங்க. சென்னைக்குள்ள அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பகுதி 1877-78ல, தாது வருஷப் பஞ்சத்துல, நிவாரண வேலையா வெட்டினது. ஒரு காலத்துல விறகும் உப்பும் படகுல இது வழியாத்தான் சென்னைக்குப் போச்சு.

நவம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள போறவங்க சாயங்காலத்தைக் கழுவெளிக்கு ஒதுக்குங்க. பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024 ஆகஸ்ட்ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க. டிரோன் வேண்டவே வேண்டாம், மொத்தக் கூட்டமும் கலைஞ்சுடும்.

மத்த மாசங்கள்ல ஆலம்பரை. மரக்காணத்துலேர்ந்து வடக்கே கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர், கடப்பாக்கத்துல கிழக்கே திரும்பணும். 1730கள்ல கட்டின செங்கல் கோட்டை. 1750ல பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போச்சு, 1760ல ஆங்கிலேயர்கள் பிடிச்சு இடிச்சாங்க. துணி, நெய்யோட உப்பும் இங்கிருந்து கப்பலேறினது. இன்னிக்கு மிச்சம் இருக்கிறது உடைஞ்ச சுவரும் முன்னால விரியிற உப்பங்கழியும். சுவர் மேல ஏறாதீங்க. படகுல போறதா இருந்தா லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க.

நேயர் கேள்விகள் ரெண்டு

"சின்னப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?" ஏழெட்டு வயசுக்கு மேல்னா போகலாம், ஏழரை மணிக்கே வெளியே வந்துடுங்க. பாத்தித் தண்ணியில விளையாட விடாதீங்க.

"அங்கேயே கல்லுப்பு வாங்கிச் சமையலுக்கு வெச்சுக்கலாமா?" வாங்கலாம், ஆனா அது அயோடின் சேர்க்காத உப்பு. நேரடியா சாப்பிட விற்கிற உப்புல அயோடின் இருக்கணும்னு சட்டமே இருக்கு. அன்றாடச் சமையலுக்குக் கடை உப்பே போதும். அங்க வாங்கினதை வாசல் கழுவவும் கால் ஊறவைக்கவும் வெச்சுக்கோங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி

அடுத்த வருஷம் மார்ச்ல மறுபடி போனோம். ஆறு மணிக்கு இறங்கினப்போ கீழ்வானம் லேசா வெளுத்துக்கிட்டு இருந்துச்சு. பாத்தி முழுக்க ஆளுங்க. நீளக் கழியில மாட்டின பலகையால உப்பை இழுத்து வரப்போரம் சேர்க்கிற சத்தம் தூரத்துலேர்ந்தே கேட்டுச்சு. பதினொன்றரைக்கு "யாருமே வேலை செய்யலையே"ன்னு நாங்க பேசினது ஞாபகம் வந்துச்சு. அவங்க அன்னிக்கு வேலையில பெரும்பகுதியை முடிச்சுட்டுத்தான் நிழல்ல உட்கார்ந்திருந்தாங்க.

அந்த அம்மாவைப் பார்க்க முடியலை, வேற பக்கம் வேலைக்குப் போயிருக்கிறதா சொன்னாங்க. கொண்டுபோன கேனைக் கொட்டகையில இறக்கி வெச்சோம். "எதுக்கு தம்பி?"ன்னு ஒருத்தர் கேட்டார். "போன வருஷம் வாங்கின கடன்ணே"ன்னு சொன்னேன். எட்டரைக்கு வெளியே வந்துட்டோம்.

போறவங்க தேதி, நேரம், எத்தனை லிட்டர், இந்த மூணையும் முதல்ல எழுதிட்டு அப்புறம் மத்ததை யோசிங்க. போய்ட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.